நீறு பூத்த நெருப்பும் மின்சுருள் அடுப்பும்

‘நீறு பூத்த நெருப்பு’ என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். மேலே வெண்சாம்பல் படிந்து, காண்பார்க்கு அணைந்ததுபோல் தோன்றி, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கங்கினை இத்தொடர் குறிக்கும். அடங்கிக் கிடக்கும் பகைக்கும் வெளிக்காட்டாத சினத்துக்கும் உவமையாக இதனை நாம் ஆள்கின்றோம். ஆயின், இது முதன்முதலில் அடுப்படியில் பிறந்த பட்டறிவு என்பதை மறந்துவிட்டோம். விறகடுப்பில் சமைத்த நம் பாட்டிமார்க்கு இத்தொடரின் நேர்ப்பொருள் தெரியும். எரிவாயு அடுப்பின்முன் வளர்ந்த தலைமுறைக்கு இது வெறும் மரபுத்தொடர். தேர்வில் வாக்கியத்தில் அமைத்து எழுதுவதற்கு உரியது. அத்தலைமுறையின் கைக்கே இன்று கரி மீண்டும் வந்து சேர்ந்திருக்கின்றது. இம்முறை அது விறகடுப்பின் வழியாக வரவில்லை. மின்சுருள் அடுப்பின் வழியாக வந்துள்ளது.

அரபு நாடுகளின் இல்லங்களில் உக்காவுக்குரிய கரித்துண்டுகளைக் கனலச் செய்வதற்கெனச் சிறியதொரு மின்னடுப்பு வைத்திருப்பது இன்று பொதுவழக்கு. உள்ளங்கையளவோ சற்றுப் பெரிதோ ஆன தட்டு. அதன்மேல் சுருண்ட கம்பி. பக்கத்தில் ஓர் இடுக்கி. பத்து நிமிடத்தில் கரி சிவந்துவிடும். பணியின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர் இவ்வடுப்பை அங்கே பயன்படுத்துகின்றனர். விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டும் வருகின்றனர். உக்காவைக் கையால் தொடாத குடும்பங்களிலும் ஊது, சாம்பிராணி போடுவதற்குரிய கரியைப் பற்றவைக்க இவ்வடுப்பு உதவுகின்றது. ஆகவே இதன் தன்மையையும் இதனால் விளையக்கூடிய தீங்குகளையும் சற்று விரித்துரைப்பது பயனுடைத்து எனக் கருதினோம்.

பெயர்களும் அவற்றின் பின்புலமும்

தமிழ்த்துறையின் மலராதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ‘ஹுக்கா’ என்னும் அரபுச் சொல் சிமிழ், சிறுபெட்டி என்னும் பொருளது. அதுவே தமிழில் உக்கா என வழங்கிற்று. ‘ஷீஷா’ என்பது கண்ணாடியைக் குறிக்கும் பாரசீகச் சொல். இலெபனானிலும் துருக்கியிலும் வழங்கும் ‘நார்கீலா’ என்னும் பெயரோ நம் செவிக்கு அயலானதன்று. தேங்காயைக் குறிக்கும் ‘நார்கீல்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து அது பிறந்தது. நாரிகேளம் என்று நாம் வடசொல்லாக அறிந்திருப்பதும் அதுவே. தொடக்கத்தில் தேங்காய் ஓடே நீர்க்கலமாகப் பயன்பட்டமையால் இப்பெயர் அமைந்தது. வியப்பு என்னவெனில், இன்று உக்காவின் மேலே வைக்கப்படும் கரியும் பெரும்பாலும் சிரட்டைக்கரியே. கீழே நீர்க்கலமாக இருந்த தேங்காய் ஓடு மேலே நெருப்பாக ஏறிக்கொண்டது எனலாம். நம் காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களில் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கும் தொழில் நடைபெறுவதை மாணவர் பலர் அறிவர்.

கனன்ற கரியை அரபியர் ‘ஜம்ர்’ என்பர். தூபக்காலுக்கு ‘மிஜ்மரா’ என்னும் பெயர் இச்சொல்லினடியாகப் பிறந்ததே. மதீனாப் பள்ளிவாசலில் நறும்புகை இட்டுவந்த காரணத்தால் ‘முஜ்மிர்’ எனச் சிறப்புப் பெயர் பெற்ற ஹதீஸ் அறிவிப்பாளர் நுஐம் இப்னு அப்துல்லாஹ் அவர்களை மார்க்கக் கல்வி பயில்வோர் அறிந்திருப்பர். கரியில் நறும்பொருள் இட்டுப் புகைக்கும் வழக்கம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று என்பதற்கு இப்பெயரே சான்று.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உக்கா புகைப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. நீரின் வழியாக வருவதால் புகை தூய்மையடைந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு மணி நேரம் உக்கா முன் அமர்பவர் ஒரு சிகரெட்டின் புகையைப்போல் 100 முதல் 200 மடங்கு வரை புகையை உள்ளிழுக்கக்கூடும் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்குழு 2005இல் அறிவித்தது. உக்கா விடுதிகளைத் தடை செய்யும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிற்று. மார்க்க அறிஞர் பலர் புகையிலையை விலக்கப்பட்டதென்றும், சிலர் வெறுக்கத்தக்கதென்றும் கூறுவர். புகைப்பவர் புகையை விடுவது நன்று. அவர் விடும் நாள் வரையில் அதே அறையில் உறங்கும் பிறர் தீக்கிரையாகிவிடக்கூடாது என்பதே இங்கு நம் கவலை.

சுருளினுள் நிகழ்வது

மின்னோட்டம் ஒரு கம்பியின் வழிச் செல்லும்போது கம்பியின் தடை காரணமாக வெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்ப மிகும் என்பதை ஜூல் என்னும் அறிஞர் 1840களில் நிறுவினார். ஆயினும் செந்தணலாகக் காய்ந்தும் எரிந்துபோகாத கம்பி ஒன்று கிட்டும்வரை மின்னடுப்பு நடைமுறைக்கு வரவில்லை. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் என்பார் நிக்கலையும் குரோமியத்தையும் ஏறத்தாழ 80க்கு 20 என்னும் அளவில் உருக்கிச் சேர்த்த உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என்று நாம் அழைப்பது இக்கலவையையே. காய்ந்தவுடன் அதன் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடுப் படலம் ஒன்று தோன்றி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கின்றது. ஏறத்தாழ 1400 பாகை செல்சியசில்தான் அது உருகும்.

இச்சுருளடுப்புகள் இருவகைப்படும். ஒருவகையில் பீங்கான் அல்லது சுட்ட மண்தட்டின் பள்ளங்களில் சுருள்கம்பி மூடப்படாமல் கிடக்கும். கல்லூரி விடுதிகளில் காப்பாளர் கண்ணுக்குத் தப்பித் தேநீர் போட்ட தலைமுறையினர் இதனை நன்கறிவர்! மற்றொரு வகையில் கம்பி ஓர் உலோகக் குழாயினுள் அடைக்கப்பட்டிருக்கும். குழாய்க்கும் கம்பிக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் நிரப்பப்பட்டிருக்கும். அத்தூள் வெப்பத்தை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. பார்வைக்கு இரண்டும் சுருள்களே. ஆனால் முதல் வகையில் மின்னோட்டம் உள்ள கம்பியின்மேலேயே கரியை வைக்கின்றோம். இரண்டாம் வகையில் அவ்வாறன்று. கரி வைப்பதற்கு வாங்குவோர் இரண்டாம் வகையையே வாங்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. விலை வேறுபாட்டைப் பார்க்கலாகாது.

காரணம் இதுதான். நன்கு வெந்த கரி மின்சாரத்தைக் கடத்தும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கில அறிவியலார் இரு கரித்துண்டுகளுக்கிடையே மின்வில்லை ஒளிரச் செய்து காட்டியதும் கரியின் இவ்வியல்பினாலேயே. திறந்த சுருளின்மீது கிடக்கும் கரியை இரும்பு இடுக்கியால் தொடுபவர், மின்கம்பியைத் தொடுபவர்க்கு ஒப்பாவர். ‘சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே எடுக்கிறேன்’ என்று சொல்வதும் முழுக்காப்பு ஆகாது. நம் வீட்டுச் சுவிட்சு இரு கம்பிகளுள் ஒன்றை மட்டுமே துண்டிக்கும். மின்பணியாளர் கவனக்குறைவால் அதனை நடுநிலைக் கம்பியில் இணைத்திருப்பின், சுவிட்சை அணைத்த பின்னும் சுருளில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். சுருள் சிவந்திராது, ஆனால் உயிர் பறிக்கும். ஆதலால் செருகியைப் பிடுங்கிய பின்னரே இடுக்கியை எடுத்தல் வேண்டும்.

திறந்த சுருளுக்கு மற்றொரு குறையும் உண்டு. கரியின் சாம்பல் பள்ளங்களில் படிந்து, அதிலுள்ள உப்புகள் காப்புப் படலத்தை அரிப்பதால் கம்பி விரைவில் அறுந்துபோகும். அறுந்த இடத்தை இழுத்து முறுக்கி மீண்டும் பயன்படுத்துவது நம் நாட்டுப் பழக்கம். 1000 வாட் அடுப்பின் சுருளுக்கு ஏறத்தாழ 53 ஓம் தடை உண்டு. முறுக்கும்போது கம்பியில் கால்பங்கு வீணாயிற்று என வைத்துக்கொள்வோம். தடை 40 ஓமாகக் குறையும். அப்போது அவ்வடுப்பு 1300 வாட்டுக்கும் மேலாக இழுக்கும். முறுக்கிய இடமோ பிற இடங்களைவிட மிகுதியாகக் காயும். சிக்கனம் என்று கருதிச் செய்தது அடுப்பையே வேறோர் அடுப்பாக மாற்றிவிடுகின்றது.

சுவரில் பிறக்கும் நெருப்பு

கரியடுப்பால் நேரும் தீ கரியிலிருந்துதான் தொடங்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். செருகியிலும் நீட்டிப்புக் கம்பியிலும் அது தொடங்குவதும் உண்டு.

230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் அடுப்பு 4.35 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள நல்ல செம்புக்கம்பி ஏறத்தாழ 6 ஆம்பியர் வரை தாங்கும். எனவே கணக்குப்படி பழுதில்லை. ஆனால் மலிவு விலை நீட்டிப்புப் பெட்டிகளின் கம்பி அத்தடிப்பு உடையதா, செம்புதானா என்பதை யார் அறிவார்? அதே பெட்டியில் சலவைப்பெட்டியையும் செருகிவிட்டால் கணக்கு அப்போதே தவறிவிடும். நீளமான கம்பியைச் சுருட்டிக் கட்டிவைத்துப் பயன்படுத்தினால், சுருளுக்குள் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றி மேலுறை உருகும். விரிப்பின் கீழே கம்பியை ஒளித்துக் கொண்டுசெல்வதும் இத்தகையதே.

இவற்றினும் கொடியது தளர்ந்த செருகி. செருகியின் காலுக்கும் துளைக்கும் இடையே பிடிப்புக் குறைந்து 1 ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். 4.35இன் இருமடி ஏறத்தாழ 19. ஆகவே அச்சிறு இடத்தில் 19 வாட் வெப்பம் பிறக்கும். பற்றாசு வைக்கும் மின்கோல் 25 வாட் என்பதை நினைவிற்கொண்டால், நெகிழிச் செருகியினுள் 19 வாட் என்ன செய்யும் என்பது விளங்கும். இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. வீட்டில் எம்.சி.பி. இருக்கின்றதே என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். அது மின்னோட்டம் அளவு மீறினால் மட்டுமே துண்டிக்கும். தளர்ந்த செருகியில் மின்னோட்டம் மிகுவதில்லை. சிறிது குறையவே செய்யும். எனவே எம்.சி.பி. அதனை அறியாது. கசிவுத் துண்டிப்பானும் அறியாது. மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். இத்தீயை முன்னறியும் கருவிகள் நம் கையும் மூக்குமே. அடுப்பை அணைத்துச் சிறிது நேரத்தில் செருகியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடும் கருகிய மணமும் இருப்பின், அச்செருகியையும் துளைப்பெட்டியையும் மாற்றியாக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த அடுப்புகளுக்குச் சில தனிச்சிக்கல்கள் உள. அமீரகம், குவைத், கத்தர் முதலிய நாடுகளில் வழங்குவது தட்டையான மூன்று கால்களையுடைய ஆங்கிலேயச் செருகி. அதனுள்ளேயே 13 ஆம்பியர் அளவுக்கு மேற்படாத ஓர் உருகி பொருத்தப்பட்டிருக்கும். ஊருக்கு வந்ததும் அது நம் சுவரில் பொருந்தாது. உடனே அதனை வெட்டியெறிந்துவிட்டு இருகால் செருகி ஒன்றை மாட்டிவிடுகின்றோம். அந்த ஒரே வெட்டில் உருகியும் போயிற்று, நிலக்கம்பியும் போயிற்று. உலோகக் குழாய்ச் சுருளில் பழுது நேர்ந்து மின்சாரம் உடலுக்குக் கசிந்தால், அதனை ஏற்றுச்செல்ல இனி மனித உடலே வழி. பர்மா பஜாரில் வாங்கிய மாற்றுச்செருகியும் நிலக்கம்பித் தொடர்பு உடையதா எனப் பார்த்தே பயன்படுத்த வேண்டும். மூன்று கால் செருகியை முறையாக மாட்டச் செய்வதே நன்று.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொணர்ந்த அடுப்பாயின் அதனை இங்கே செருகவே வேண்டா. 120 வோல்ட்டுக்கு ஆக்கப்பட்ட 1000 வாட் சுருளை 230 வோல்ட்டில் இட்டால், மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப அது 3600 வாட்டுக்கு மேல் இழுக்க முற்படும். செருகியின் கால் பொருந்துவதால் மின்னழுத்தமும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

கங்கு, அதன் போக்கு

இனிக் கரிக்கு வருவோம். கடைகளில் விற்கும் கரி இருதிறத்தது. ஒன்று இயற்கைச் சிரட்டைக்கரித் துண்டு; இதற்குத் தொடர்ந்த வெப்பம் வேண்டும்; மின்சுருள் இதற்கென்றே ஏற்பட்டது. மற்றொன்று வட்டவில்லையாக வரும் விரைவுக்கரி. தீக்குச்சி பட்டவுடன் பொறி பறக்கப் பற்றிக்கொள்ளும். பொட்டாசியம் நைட்ரேட்டு போன்ற உப்பு அதில் கலந்திருப்பதே காரணம். அது வெடிமருந்திலும் சேரும் உப்பு. இவ்வில்லையைச் சிவந்த சுருளின்மேல் வைத்தால் பொறி நாற்புறமும் தெறிக்கும். வைக்கலாகாது. நனைந்த சிரட்டைக்கரியையும் அவ்வாறே விலக்குக. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றித் துண்டைப் பிளந்து வீசும். கரியைக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருப்போர்க்கு இத்தொல்லை இல்லை.

நன்கு கனன்ற கரியின் வெப்பம் 600 பாகை செல்சியசுக்கு மேற்படும். தாள் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 230 பாகை போதும். எனவே கரித்துண்டு எங்கே விழுகின்றது என்பதே வினா. அடுப்பிலிருந்து உக்காவின் மேற்கிண்ணத்துக்கோ தூபக்காலுக்கோ கரியை இடுக்கியில் எடுத்துச் செல்லும் அந்த நான்கைந்து அடிகள்தாம் தீவிபத்தின் வாயில். செயற்கை இழை விரிப்பில் விழுந்த கங்கு உடனே உருக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சு மெத்தையில் விழுந்ததோ காட்டிக்கொடுக்காது. உள்ளே புகுந்து, சுடரின்றிப் புகைந்து, மணிக்கணக்கில் பரவி, பின்னரே எரியத் தொடங்கும். மேலே தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டதாக எண்ணி உறங்கச் செல்வோரை இத்தகைய மெத்தைத் தீ நள்ளிரவில் எழுப்பும். சிலரை எழுப்பாமலே விட்டுவிடும். கங்கு விழுந்த மெத்தையை வெளியே கொண்டுபோய், கிழித்துப் பார்த்து, முழுவதும் நனைத்தல் வேண்டும்.

ஆகவே அடுப்பும் தூபக்காலும் ஒன்றனருகே ஒன்றாக, ஒரே கடப்பைக்கல் மேடையின்மீதோ பதிகல் தரையிலோ இருத்தல் நலம். மெத்தை, திரைச்சீலை, தொழுகை விரிப்பு, நூல்கள் ஆகியவை 1 மீட்டர் தொலைவிலேனும் இருக்கட்டும். கரியை எடுத்துச் செல்லத்தான் வேண்டுமெனில் இடுக்கியின் கீழே ஓர் உலோகத் தட்டைப் பிடித்துச் செல்க. மின்விசிறியை அவ்வேளையில் நிறுத்திவிடுக. இவ்வடுப்புகளின் கால்கள் மிகக் குட்டையானவை. வெப்பம் மேலே போவதுபோலவே கீழேயும் இறங்கும். மரமேசையின்மீது வைத்தால் முதல் நாள் ஒன்றும் நேராது; நாள்தோறும் காய்ந்து காய்ந்து மரம் கருகி, பின்னர் எளிதில் பற்றும் தன்மையை அடையும். சில அடுப்புகளில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அது தானாகவே அணைந்து, தானாகவே மூளும். விளக்கு அணைந்திருப்பது கண்டு அடுப்பே அணைந்துவிட்டது என்று ஏமாறுவோர் பலர்.

விறகும் எண்ணெயும் எரிந்த காலத்தில் நெருப்புக்குச் சுடர் இருந்தது. குழந்தையும் அதனைக் கண்டு விலகிற்று. மின்சுருள் சுடரை நீக்கிவிட்டது. சுடரோடு நம் அச்சமும் நீங்கிற்று; நெருப்பு மட்டும் நீங்கவில்லை.

காணாத நஞ்சு

கரி எரியும்போது கரியமில வாயு உண்டாகின்றது. அது கனன்றுகொண்டிருக்கும் கரியினூடே செல்லுகையில், மேலும் கரியைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியின்மேல் சில வேளை நீலச்சுடர் ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாயு எரிவதே அது. சுடர் இல்லாதபோது அது எரியாமல் அறைக்குள் பரவுகின்றது. நிறமில்லை; மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது சேரும். நீரில் மிகச் சிறிதே கரையுமாதலின் உக்காவின் நீர்க்கலம் அதனைத் தடுக்காது.

குளிரூட்டிய அறையில் சன்னல்களை அடைத்துவிட்டு நால்வர் அமர்ந்து கரி மூட்டுவதன் தீமையை இங்கே உணரலாம். பிளவுவகைக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொணர்வதில்லை. அறைக்காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால்தளர்ச்சி ஆகியன ஒரே அறையில் இருவருக்கோ மூவருக்கோ ஒருசேரத் தோன்றினால், உணவின்மேல் பழி போடாமல் முதலில் அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவி பல வீடுகளில் இருக்கின்றது. அதனை மாட்டி, ‘98 காட்டுகிறது, ஒன்றுமில்லை’ என்று இருந்துவிடலாகாது. உயிர்வளி சேர்ந்த குருதியையும் இந்நஞ்சு சேர்ந்த குருதியையும் அக்கருவியால் பிரித்தறிய இயலாது. மருத்துவமனையில் குருதியை ஆய்ந்தே அறிவர்.

கொடைக்கானலில் 2024ஆம் ஆண்டு, இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள்ளேயே வைத்துவிட்டு உறங்கிய இளைஞர் இருவர் மூச்சுத்திணறி இறந்த செய்தியை நாளேடுகளில் படித்தோம். சமையல் முடிந்துவிட்டது என்றுதான் அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். நீறு பூத்த கரிக்கு அது தெரியாது.

உறங்குமுன்

ஒரிரவு மதீனாவில் வீடொன்று உள்ளிருந்தோருடன் எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. நெருப்பு மனிதர்க்குப் பகையென்பதைச் சுட்டி, உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிடுமாறு அவர்கள் பணித்தார்கள் என அபூமூசா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. எலியொன்று விளக்குத்திரியை இழுத்துவந்து நபியவர்கள் அமர்ந்திருந்த பாயின்மேல் போட்டு, ஒரு திர்ஹம் காசளவு எரித்துவிட்டதென்னும் செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூது தொகுப்பில் காண்கின்றோம். அந்த ஒரு காசளவு பொத்தலைச் சிறிதென்று விட்டுவிடாமல், எலியின் செயலையும் கருத்திற்கொண்டு விளக்கை அணைக்கச் சொன்ன முன்னெச்சரிக்கை நம் கவனத்துக்குரியது. இன்றைய எலி திரியை இழுப்பதில்லை. மின்கம்பியின் உறையைக் கடிக்கின்றது.

இதனை அயலகத்தில் வாழும் நம் மக்களை நினைந்தே அழுத்திக் கூறுகின்றோம். 2024 ஜூன் 12ஆம் நாள் அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடியொன்று தீப்பற்றியது. இந்தியர் 45 பேர் உயிரிழந்தனர். அவருள் எழுவர் தமிழ்நாட்டினர். தரைத்தளத்துக் காவலர் அறையில் நேர்ந்த மின்கோளாறே காரணமென அந்நாட்டுத் தீயணைப்புத்துறை கூறிற்று. கரிக்கும் உக்காவுக்கும் அதில் தொடர்பில்லை. ஆயினும் உறங்கிக்கொண்டிருந்தோரில் பெரும்பாலோர் தீநாக்குத் தீண்டாமல் புகையாலேயே மாண்டனர் என்பது ஓரறையில் பலராய் வாழ்வோர் அனைவர்க்கும் உரிய செய்தி. ஒருவர் மூட்டும் அடுப்பு ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. அத்தகைய அறையில் இருப்போர், மூத்தவர் ஒருவரேனும், கடைசியாக உறங்கச் செல்பவர் செருகியைப் பிடுங்கிக் கரியை அணைத்ததைக் கண்ணால் கண்ட பின்னரே விளக்கணைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். கதவுக்கு அருகே அடுப்பை வைக்காதிருப்பதும் இன்றியமையாதது. தீப்பற்றினால் வெளியேறும் வழி அதுவன்றோ.

கரியை அணைக்கும் முறைக்கு நம் பழைய அடுப்படியே ஆசான். சமையல் முடிந்ததும் மிஞ்சிய கங்குகளை மண்பானையிலிட்டு மூடிவைப்பர். காற்றில்லாமையால் அவை அணைந்து, மறுநாளுக்குக் கரியாகக் கிடைக்கும். அதுபோல் மூடியுள்ள இரும்பு வாளி ஒன்றில் மணலைப் பரப்பி, எஞ்சிய துண்டுகளை இட்டு, மேலும் மணலிட்டு மூடி, அறைக்கு வெளியே வைக்க வேண்டும். தண்ணீரில் அமிழ்த்துவதாயின் முழுதும் அமிழ வேண்டும்; தெளித்தால் போதாது. எம்முறையில் அணைத்தாலும் ஒரு முழு நாள் கழியும்வரை குப்பைக்கூடையில் கொட்டலாகாது. நெகிழிக் கூடையில் பழைய தாள்களின்மேல் கொட்டப்பட்ட ‘ஆறிய’ சாம்பல் விடியற்காலையில் தீயாக எழுந்ததுண்டு. அடுப்பின்மேல் மட்டும் எக்காரணத்தாலும் தண்ணீர் ஊற்றவேண்டா. அடுப்பே தீப்பற்றினால், இயலுமாயின் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் துண்டித்து, உலர்தூள் அல்லது கரியமிலவாயுத் தீயணைப்பானைப் பயன்படுத்துக. அது கையிலில்லையெனில் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவதே அறிவுடைமை.

புகை சூழ்ந்துவிட்டால் நிமிர்ந்து ஓடாமல் தரையோடு குனிந்து செல்க. தூய காற்று அங்கேதான் எஞ்சியிருக்கும். மின்தூக்கியில் ஏறலாகாது. சுட்ட புண்ணுக்குப் பற்பசையும் பேனா மையும் மஞ்சளும் மருந்தல்ல. ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி. பனிக்கட்டியும் வைக்கலாகாது. ஆடை தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்க. தீயணைப்புத்துறையை அழைக்க நம் நாட்டில் 101 அல்லது 112, அமீரகத்தில் 997, சவூதியில் 998, கத்தரில் 999, குவைத்தில் 112. பயணம் புறப்படும் பிள்ளைகளின் கைப்பேசியில் இவ்வெண்ணைப் பெற்றோர் தம் கையாலேயே பதிந்து அனுப்புவாராக.